திமிங்கலம் பார்க்க எங்கே போகலாம்: மிரிஸ்ஸாவா, திருகோணமலையா, விழிஞ்ஞமா?

களியக்காவிளை, பாறசாலை, பொழியூர் பக்கம் இருப்பவர்களுக்கு உலகின் மிகப் பெரிய விலங்கைப் பார்ப்பது எட்டாத ஆசை அல்ல. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அங்கிருந்து தெற்கே போனால் மிரிஸ்ஸா, வடகிழக்கே போனால் திருகோணமலை. இரண்டு கடலிலும் நீலத் திமிங்கலம் உண்டு. என்னைக் கேட்டால் திருகோணமலை என்பேன். ஆனால் எல்லாக் குடும்பத்துக்கும் அது ஒத்துவராது.

முதலில் காலத்தைப் பாருங்கள். மிரிஸ்ஸாவின் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் அந்தக் கரையில் படகு இறக்குவதே பாடு. அதே மாதங்களில் தீவின் கிழக்குக் கரை அமைதியாகிவிடும். ஆகவே கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மிரிஸ்ஸா, கோடை விடுமுறைக்குத் திருகோணமலை. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பாதி முடிவு இதிலேயே தீர்ந்துவிடும்.

காணும் வாய்ப்பை மட்டும் எடைபோட்டால் மிரிஸ்ஸாவே முன்னே நிற்கும். மிரிஸ்ஸாவுக்குக் கிழக்கே தீவின் தென்கோடியான தெவினுவரை முனையை ஒட்டி, ஆழம் குறைந்த கடலடித் திட்டு மிகக் குறுகலாக முடிந்து, சட்டென்று ஆழம் தொடங்குகிறது. திமிங்கலத்துக்கு இரையாகும் சிறு இறால் கூட்டங்கள் அந்த விளிம்பில் திரளுகின்றன. மற்றப் பெருங்கடல்களில் பல நீலத் திமிங்கலங்கள் இரை தேடித் துருவக் கடல் வரை போகும். இங்குள்ளவை வெப்பக் கடலிலேயே வாழ்நாளைக் கழிக்கின்றன. படகுகளும் பெரியவை. மேல்தளம், நிழல், கழிப்பறை எல்லாம் உண்டு. காலை ஆறரை வாக்கில் புறப்பட்டால் நான்கைந்து மணி நேரம் கடலில் இருக்கலாம். வயதானவர்களோடு போகிறவர்கள் தயங்காமல் இதையே எடுக்கலாம்.

என் மனம் ஒப்பாதது வேறு காரணத்தால். ஒரு திமிங்கலம் மூச்சு விட்டு நீர்த்தூண் எழுப்பியதும் அதைச் சுற்றிப் பல படகுகள் பாய்கின்றன. நூறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதி இருந்தும் பலர் மதிப்பதில்லை. இளைப்பாற மேலே வரும் உயிர், மூச்சு நிறையும் முன்பே மூழ்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, உலகின் நெரிசல் மிகுந்த கப்பல் பாதைகளுள் ஒன்று இவை இரை தேடும் இடத்தின் மேலேயே செல்கிறது. கப்பல் மோதி இறந்தவை கரை ஒதுங்கியிருக்கின்றன. 2022இல் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. மற்றவையும் அப்படித் தள்ளிப் போனால்தான் ஆபத்து குறையும்.

திருகோணமலையில் ஆழம் கரைக்கே வந்துவிடுகிறது. கடலடிப் பள்ளத்தாக்கு துறைமுக வாய் வரை நீள்வதால், கோணேசுவரர் கோயில் நிற்கும் செங்குத்துப் பாறையிலிருந்தே திமிங்கலம் தென்படுவதுண்டு. படகுச் சத்தமே இல்லாமல், கடலைத் துன்புறுத்தாமல் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கடலில் இறங்க விரும்பினால் உப்புவெளி, நிலாவெளியிலிருந்து சிறு படகுகள் போகும். பருவம் ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை. படகுகள் குறைவு என்பதோடு, படகோட்டியிடம் தமிழிலேயே பேசலாம். “அண்ணை, கிட்டப் போக வேண்டாம், இயந்திரத்தை நிறுத்துங்கோ” என்று கேட்டுப் பாருங்கள். பயணம் முழுதும் வேறாகிவிடும். குறைகளும் உண்டு. திறந்த படகு, கடும் வெயில், கொழும்பிலிருந்து ஐந்தாறு மணி நேரச் சாலை. மிரிஸ்ஸாவைப்போல் ‘இன்று நிச்சயம் பார்ப்போம்’ என்று எண்ணிக்கொண்டும் போக முடியாது.

அப்படியானால் திருவனந்தபுரத்தை அடுத்துள்ள நம் விழிஞ்ஞம்? 2021இல் அங்கே நீருக்கடியில் வைத்த ஒலிவாங்கியில் நீலத் திமிங்கலத்தின் குரல் பதிவானது. 2017இன் இறுதியில் ஓமான் கரையில் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தப்பட்ட லுபான் என்ற கூன்முதுகுத் திமிங்கலம், அரபிக்கடலைக் கடந்து நம் தென்மேற்குக் கரைக்கு வந்து திரும்பியது. திமிங்கலங்கள் நம் கடலிலும் இருக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றைக் காட்டும் தொழில் இங்கே மிரிஸ்ஸா அளவுக்கு வளரவில்லை. கோவளத்தில் ஓங்கில் (டால்பின்) துள்ளுவதைக் கரையிலிருந்தே காணலாம். திமிங்கலத்தை நம்பிப் படகு வாடகைக்கு எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பார்ப்பதற்கு விழிஞ்ஞம் மூன்றாம் இடம்தான். நாம் குரல் கொடுக்க வேண்டிய இடங்களில் அதுவே முதலிடம். 2025 மே 2 அன்று முறையாகத் திறக்கப்பட்ட துறைமுகத்துக்கு இன்று வரும் பெருங்கப்பல்களில் பெரும்பாலானவை, மிரிஸ்ஸாவில் பாதை மாற்றிய அதே நிறுவனத்துடையவை. கரையை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கவும், திமிங்கலம் நடமாடும் நீரை விலக்கிச் செல்லவும் அவர்களுக்கு வழி தெரியும். துறைமுக நிர்வாகமும் கேரள அரசும் அதை இப்போதே கேட்டு வாங்க வேண்டும்.