ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line) மேனுவல்: பொத்தி வச்சா கிளாசிக் ஆகுமா?

ஓட்றதுக்கு செம வண்டி, அதுல பேச்சே இல்ல. ஆனா "இத பொத்தி வையி மாப்ள, இருபது வருஷம் கழிச்சு கிளாசிக்"னு நம்ம பயலுக அடிச்சு விடுறதுதான் எனக்கு செரிக்கல.

998 சிசி மூணு சிலிண்டர் டர்போ, 120 பிஎஸ் பவர், 172 என்எம் டார்க், நாலு வீலுக்கும் டிஸ்க் பிரேக். மதுரை நத்தம் ரோடு பறக்கும் பாலம் ஏழு கிலோமீட்டருக்கு மேல நீளம்ல, அதுல காலைல ஆளில்லாத நேரம் தேர்டுல போட்டு மிதிச்சா டர்போ எந்திரிச்சதும் ஒரு இழுவை இழுக்கும் பாருங்க, சிரிப்பு தானா வந்துரும். சிறுமலை கொண்டை ஊசி வளைவுலயும் ஸ்டியரிங் நல்லா வெயிட்டா நிக்கும். என்ன, சஸ்பென்ஷன் கடுசு. கோரிப்பாளையம், மாசி வீதி பக்கம் போனா இடுப்பு கழண்டுரும், எங்க அப்பத்தா ஒருவாட்டி பின்னாடி உக்காந்து வந்துட்டு "இதுக்கு ஷேர் ஆட்டோவே தேவலடா"ன்னுருச்சு. மைலேஜ் உங்க கால் மிதிக்கிறத பொறுத்தது.

சரி கிளாசிக் கதைக்கு வருவோம். 2021ல இது வந்தப்ப கிளட்ச் பெடலே இல்லாம கியர மட்டும் மாத்துற ஐஎம்டியும், ஆட்டோமேட்டிக் டிசிடியும்தான், 2023ல முகத்த மாத்தி விட்ட ஃபேஸ்லிஃப்ட்லதான் ஒழுங்கா 6 ஸ்பீடு மேனுவல் குடுத்தாய்ங்க, அப்பவே சாதா ஐ20ல இருந்து டர்போவ தூக்கிட்டாய்ங்க, அதனால டர்போவும் கிளட்ச்சும் சேந்து வேணும்னா ஐ20ல இது ஒண்ணுதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நம்ம ஊர்லயே செய்ற வண்டி வேற. இதெல்லாம் பிளஸ்.

ஆனா ஐரோப்பாவுல வித்த நெசமான ஐ20 என் 1.6 டர்போ, 204 பிஎஸ். ஹூண்டாய் டிரைவர் தியரி நோவில் 2024ல உலக ராலி சாம்பியன் ஆனதும் ஐ20 என் ராலி1ங்கிற பந்தய வண்டில. நமக்கு வந்தது அந்தப் பேரும் செவப்பு கோடும்தான். பழைய ஃபியட் அபார்த் புன்டோ (2015, 145 பிஎஸ்) இல்ல 2016 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடிஐ (192 பிஎஸ், மூணு கதவு, இந்தியாவுக்கு 99 வண்டிதான்) எடுத்துக்கங்க, அதெல்லாம் இப்பவே தேடி அலையுறாய்ங்க. இது அந்த வரிசையில நிக்காது.

பெரிய பிரச்சனை எலக்ட்ரானிக்ஸ். அம்பாசிடர், பத்மினி எல்லாம் இன்னைக்கும் ஓடுதுன்னா எந்த மெக்கானிக்கும் ஸ்பானரால கழட்டி மாட்டிருவாரு. இதுல 10.25 இன்ச் ஸ்கிரீன் அவுட்டானா, இன்ஜின ஓட்டுற கம்ப்யூட்டர் (ஈசியு) போனா, 2045ல அந்த போர்டுக்கு எங்கிட்டு போறது? சட்டமும் ஒரு பக்கம். 15 வருஷத்துல ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சுரும், அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். விண்டேஜ்னு தனி நம்பர் பிளேட் வாங்கணும்னா 2021 விதிப்படி வண்டிக்கு 50 வயசு தாண்டணும். 2073ல எம்பேரன் ஆர்டிஓ ஆபீசுல நிக்கட்டும்.

அதையும் மீறி வச்சுக்கணும்னு தோணுச்சுன்னா 2023க்கு அப்புறம் வந்த மேனுவலா பாத்து எடுங்க. பவர் கூட்டுறேன்னு இன்ஜின் சாஃப்ட்வேர மாத்தி ரீமேப் பண்ணாதீங்க, கம்பெனி அலாய், எக்ஸாஸ்ட்ட கழட்டி விக்காதீங்க, சர்வீஸ் பில்லு, ரெண்டாவது சாவி எல்லாம் பத்திரம். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, நான் ஓட்டியே தேச்சுருவேன்.