அளந்து கொடுக்கத் தெரியாத பெட்டி

பெங்களூர் அல்சூரில் இருக்கும் அக்கா மகன் போன வாரம் கேட்டான்: "மாமா, உங்களிடம் இருக்கிற மாதிரி எனக்கும் ஒரு பவர் சப்ளை செய்து தருகிறீர்களா?" கேட்ட நேரம் சரியில்லை. முந்தின இரவுதான் அது ஒரு ஒயரைத் தின்றிருந்தது.

பழைய கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிதான் அது. பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் ஓடும். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. இதெல்லாம் தெரிந்த கதை. எஸ்.பி. ரோட்டில் அதை 200 ரூபாய்க்கு வாங்கி மூன்றரை ஆண்டு ஆகிறது. சிவப்பில் 10 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றைச் சுமையாக, அதாவது எப்போதும் கொஞ்சம் மின்சாரம் இழுக்கும்படி, கட்டியதும், 11.3 வோல்ட்டில் தூங்கிக்கொண்டிருந்த மஞ்சள் 11.9க்கு எழுந்தது. அன்றிலிருந்து அதே அளவு. ஒரே ஒரு முறை மின்விசிறியை மாற்றினேன். (உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, மீட்டர் வைத்துப் பார்க்காமல் விரலை நீட்டாதீர்கள்.) பெட்டியை அணைத்த பிறகும் ஊதா ஒயரில் 5 வோல்ட் வந்துகொண்டே இருப்பது எனக்கு இன்றும் சந்தோஷம். மேஜை ரேடியோ அதில்தான் பாடுகிறது.

ஆனால் இதற்கு அளந்து கொடுக்கத் தெரியாது. 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்று லேபிள் சொல்கிறது. கேட்டால் அத்தனையையும் கொட்டிவிடும். முழு ஷார்ட் ஆனால் பரவாயில்லை, சட்டென்று அணைந்துவிடும். அரைகுறை ஷார்ட்தான் வில்லங்கம். அன்று ஆம்பிளிஃபயர் போர்டில் ஒரு துளி ஈயம் இரண்டு கால்களை இணைத்துவிட்டது. கிளிப்பின் நூல் போன்ற ஒயர் தானே ஒரு ரெசிஸ்டராகி நடுவில் நின்றதால், பெட்டி இதையும் நியாயமான சுமை என்றே நம்பியது. ஒயரின் உறை முதலில் பளபளத்தது, பிறகு தொய்ந்தது, பிறகு நாற்றம். பிடுங்கப்போன ஆள்காட்டி விரலில் இன்னும் கோடு இருக்கிறது. மின்விசிறி மட்டும் எதுவும் நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஜே.சி. ரோட்டுக்குப் போய் வண்டியின் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 21 வாட், ஒன்று வாங்கி மஞ்சள் ஒயருக்குத் தொடராகப் போட்டேன். இப்போது ஷார்ட் ஆனால் பல்பு எரிகிறது. இரண்டு ஆம்பியரைக்கூடத் தாண்டவிடாது. அழகான ஏற்பாடு என்று அரை மணி நேரம் பெருமைப்பட்டேன். பிறகு ஒரு மோட்டாரைக் கட்டினேன். 1 ஆம்பியர் இழுத்தாலே நாலு வோல்ட்டைப் பல்பு விழுங்கிவிடுகிறது. மோட்டாருக்காகப் பல்பைக் கழற்ற வேண்டும். கழற்றினால் பழையபடி கொட்டும்.

ஆகவே மருமகனிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்: இதைச் செய்யாதே, ஆம்பியரைத் திருகி வைக்கக் குமிழ் உள்ளதாகப் பார்த்துக் கடையில் வாங்கு.

"அப்படியானால் உங்களுடையதை எனக்குத் தந்துவிடுங்களேன்" என்றான்.

அதெப்படி? ரேடியோ என்ன ஆவது?