முகவரியை மறைக்கும் மை உருளை: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் ஒரு நாள் காலை வெள்ளைக் கூரியர் பை ஒன்று மேலாகக் கிடந்தது. அதன் லேபிளில் என் அம்மாவின் பெயர், கதவு எண், கைபேசி எண், அவர் வாங்கிய பொருள் முழங்கால் உறை என்பது வரை, போகிறவர்கள் நின்று படிக்கும் அளவுக்குத் தெளிவாக இருந்தன. ஒருவரின் பெயரையும் முகவரியையும் அண்மையில் வாங்கிய பொருளையும் சரியாகச் சொல்லிப் பேசுகிறவர் ஓடிபி கேட்டால், வயதானவர்கள் நம்பிக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கு உண்டு. அன்று மாலையே முகவரியை மறைக்கும் மை உருளை ஒன்றை வாங்கினேன்.

ஜப்பானின் பிளஸ் என்ற எழுதுபொருள் நிறுவனம் 2007இல் அறிமுகப்படுத்திய, எழுத்தை மறைக்கும் மை முத்திரையின் வழியில் செய்யப்பட்ட மலிவான பொருள் இது. கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் மை ஊறிய ரப்பர் உருளை இருக்கிறது. எழுத்தின் மேல் வைத்து இழுத்தால் போதும். பேனாவால் கோடு போட்டு அடித்தால், தாளைச் சாய்த்துப் பிடிக்கும்போது அடியிலுள்ள எழுத்து பளபளத்துக் காட்டிக் கொடுத்துவிடும். உருளையோ அச்செழுத்தின் அளவிலேயே தாறுமாறான எழுத்துகளைப் பதிப்பதால், எது பழையது, எது புதியது என்று கண்ணால் பிரிக்க முடிவதில்லை.

வங்கிக் கடிதம், மருந்துக்கடை ரசீது போன்ற சாதாரணத் தாள்களில் இது மிக நன்றாக வேலை செய்கிறது. நேராக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை இழுத்தால் எதுவும் தெரிவதில்லை. ஆனால் எதற்காக வாங்கினேனோ, அந்தக் கூரியர் லேபிளில்தான் ஏமாற்றம். வழுவழுப்பான தெர்மல் தாளில் மை உலர்வதே இல்லை. கட்டைவிரலால் ஒரு முறை தேய்த்ததும் கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மீண்டும் தெரிந்தன. தடித்த பெரிய எழுத்தில் அச்சான பெயரை இரண்டு முறை இழுத்தும் மறைக்க முடியவில்லை.

தெர்மல் தாள் சூட்டில் கறுப்பது என்பதால், அட்டைப் பெட்டியாக இருந்தால் லேபிளின் மேல் இஸ்திரிப் பெட்டியைச் சில நொடி வைத்தாலே முழுவதும் கருகருவென்றாகிவிடுகிறது. பிளாஸ்டிக் பையில் இதைச் செய்யக் கூடாது, உருகிவிடும். லேபிளை வெட்டியெடுத்துத் துண்டாக்குவதே வழி. பட்டைக்குறியீட்டையும் சேர்த்து வெட்டுங்கள்.

கடையில் பில் போடும்போது நாமே சொல்லும் எண்ணை எந்த உருளையாலும் மறைக்க முடியாது. கைபேசி எண் தராவிட்டால் பில் இல்லை என்று வற்புறுத்தக் கூடாதென நுகர்வோர் விவகார அமைச்சகம் 2023 மே மாதத்திலேயே வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. நம்பிக்கொடுத்த தகவலைச் சட்ட அனுமதியின்றிப் பிறருக்கு வெளியிடுவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, "எண் தர விருப்பமில்லை, பில் மட்டும் போதும்" என்று தயங்காமல் சொல்கிறேன். பெரும்பாலான கடைகளில் மறுபேச்சின்றித் தந்துவிடுகிறார்கள்.

மை தீர்ந்தால் உருளையை மீண்டும் வாங்குவேன், வங்கிக் கடிதங்களுக்காக மட்டும். கூரியர் பைகளுக்கென்று வாசல் கதவருகே ஆணியில் ஒரு கத்தரிக்கோலை மாட்டி வைத்திருக்கிறேன். அம்மாவும் இப்போது அதைத்தான் எடுக்கிறார்.