விட்டு விட்டு மிஸ்ஸிங் அடிக்கும் செகண்ட்ஹேண்ட் வண்டி: பாகத்தை மாற்றுவதா, ஸ்கேனரை மாட்டுவதா, இடம் மாற்றிப் பார்ப்பதா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் மைத்துனர் வாங்கிய 2014ஆம் ஆண்டு பெட்ரோல் ஹேட்ச்பேக், முதல் இரண்டு வாரம் எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. மூன்றாவது வாரம், வேலைக்காகப் புதுச்சேரி போகும் வழியில், தவளக்குப்பத்தை நெருங்கும்போது நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் வண்டி இரண்டு மூன்று முறை உதறிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி சீராக ஓடியது. தொடர்ந்து மிஸ்ஸிங் அடிக்கும், அதாவது சிலிண்டர் ஒன்று அவ்வப்போது எரியத் தவறும் வண்டியை அனுபவமுள்ள மெக்கானிக் சத்தத்தை வைத்தே பிடித்துவிடுவார். விட்டு விட்டு அடிப்பதுதான் சிக்கல். ஒர்க்ஷாப் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் வண்டி சாதுவாக நிற்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு நம் பகுதியில் வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று வழிகளையும் அந்த ஒரே வண்டியில் பார்க்க நேர்ந்ததால், அவற்றை அருகருகே வைத்து எழுதுகிறேன்.

முதல் வழி, சந்தேகப்படும் பாகத்தைப் புதிதாக மாற்றிவிடுவது. இதை ஒரேயடியாகத் தவறு என்று தள்ளிவிட முடியாது. முந்தைய உரிமையாளர், சிலிண்டருக்குள் பொறி தரும் பிளக்கை எப்போது மாற்றினார் என்பதற்கு ரசீது இல்லாத வண்டியில் நான்கு பிளக்கையும் மாற்றுவது எப்படியும் செய்யவேண்டிய வேலை. சாதாரண நிக்கல் பிளக் சுமார் 40,000 கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும், இடைவெளி அகலமாகிவிட்டால் பொறி தாண்டுவதற்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும். ஆனால் பிளக்கோடு அந்த வழி நிற்பதில்லை. முதலியார்பேட்டைப் பக்கத்து ஒர்க்ஷாப் ஒன்றில், "காயில்தான் அண்ணே, போட்டுட்டா செட் ஆயிடும்" என்று சொல்லி, பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் காயிலையும் மூன்றாவது சிலிண்டரில் மாற்றினார்கள். நான்கு நாள் வண்டி அருமையாக ஓடியது. ஐந்தாம் நாள், அதே சாலை, அதே உதறல்.

அந்த நான்கு நாள்தான் இந்த வழியின் உண்மையான ஆபத்து என்பது என் கருத்து. காயிலை மாற்றும்போது அதன் மேல் மாட்டியிருக்கும் கனெக்டரைக் கழற்றி மீண்டும் செருகுகிறோம். உள்ளே இருக்கும் பின்னில் களிம்பு பிடித்திருந்தால் அந்த உரசலிலேயே அது கொஞ்சம் சுரண்டப்பட்டு, சில நாளைக்குத் தொடர்பு நன்றாக இருக்கும். புதுக் காயிலுக்குப் போன பெயர், உண்மையில் கையால் அசைத்ததற்குப் போயிருக்க வேண்டியது. விட்டு விட்டு வரும் கோளாறில், தொட்டாலே தற்காலிகமாகச் சரியாகிவிடும் இடங்கள் பல உண்டு. ஆகவே எதையும் தொடுவதற்கு முன்னால் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதை வைத்தே ஒரு வழியை நான் மதிப்பிடுகிறேன். பாகம் மாற்றும் வழி அந்த அளவுகோலில் கடைசியில்தான் நிற்கிறது. போதாக்குறைக்கு, வேலை முடிந்ததும் பேட்டரி முனையைக் கழற்றி மாட்டியதில் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த தகவலும் அழிந்துபோயிருந்தது.

இரண்டாவது வழி, என்ஜின் கம்ப்யூட்டரில் பதிவானதைப் படிக்கும் ஸ்கேனர். என்ஜின் கம்ப்யூட்டர் மிஸ்ஸிங்கை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை அறிந்துகொண்டால், ஸ்கேனர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது விளங்கிவிடும். நான்கு சிலிண்டர் என்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் 180 டிகிரி சுற்றும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் எரிந்து அதைத் தள்ள வேண்டும். ஒரு சிலிண்டர் எரியத் தவறினால் அந்தக் கணத்தில் சுழற்சி நூலளவு தளர்கிறது. கிராங்க் சென்சார் அதைப் பார்த்துச் சொல்கிறது. அதாவது கம்ப்யூட்டருக்குத் தெரிவது எந்தச் சிலிண்டர் தள்ளவில்லை என்பதுதானே தவிர, ஏன் தள்ளவில்லை என்பதல்ல. பி0301 முதல் பி0304 வரையிலான கோளாறு எண்கள் (இவற்றைத்தான் ‘கோடு’ என்கிறோம்) முறையே ஒன்று முதல் நான்கு வரையிலான சிலிண்டர்களைக் குறிக்கும். பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் அடங்காத மிஸ்ஸிங். பி0303 வந்தால் "மூன்றாவது காயில் போச்சு" என்று படிப்பது, காய்ச்சல் அளவை மட்டும் பார்த்து மருந்து எழுதுவதைப் போன்றது.

இருந்தாலும் விட்டு விட்டு வரும் கோளாறுக்கு இந்தக் கருவியை விடப் பொறுமையான சாட்சி கிடைக்காது. சாதாரண மிஸ்ஸிங் முதல் முறை நேரும்போது பெரும்பாலும் செக் என்ஜின் விளக்கு எரிவதில்லை. கம்ப்யூட்டர் அதைப் பென்டிங் கோடாக வைத்துக்கொண்டு, இன்னொரு ஓட்டத்திலும் அதே கோளாறு வந்தால்தான் விளக்கை ஏற்றும். விளக்கு எரியாததால் ஒன்றுமில்லை என்று முடிவுசெய்யும் இடத்தில் பென்டிங் கோடு காத்திருக்கும். கோடு உறுதியானால் அந்தக் கணத்தின் ஆர்பிஎம், வேகம், லோடு (என்ஜின் மீதான சுமை), கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பம் ஆகியவை ஃப்ரீஸ் ஃப்ரேமாகப் பதிவாகும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டரும் ஒரு கைபேசிச் செயலியும் இதைப் படிக்கப் போதும். விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டினால் மட்டும் படித்துக்கொண்டிருக்கக் கூடாது. எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது என்பதே அந்தச் சிமிட்டலின் பொருள்.

என் மைத்துனரின் வண்டியில் கிடைத்த ஃப்ரீஸ் ஃப்ரேம் பி0303, சுமார் 1,800 ஆர்பிஎம், லோடு அதிகம், கூலன்ட் 92 டிகிரி. லாங் டெர்ம் ஃபியூவல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைக் கூட்டியோ குறைத்தோ செய்யும் நீண்டகாலத் திருத்தம், 3 சதவீதத்தைத் தாண்டவில்லை. இந்தக் கடைசி எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. ட்ரிம் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டலில் நின்றிருந்தால், என்ஜினுக்குப் பெட்ரோல் குறைவாகக் கிடைக்கிறது அல்லது இன்டேக்கில் எங்கோ காற்று கசிகிறது என்று அந்தப் பக்கம் போயிருப்போம். ஐட்லிங்கில் மட்டும் அடித்து, ஆர்பிஎம் ஏறியதும் மறைந்தாலும் காற்றுக் கசிவையோ வால்வையோதான் முதலில் பார்க்க வேண்டும். லோடில் மட்டும் அடித்தால் பொறிப் பக்கம்; சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போதுதான் பொறிக்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும், பலவீனமான காயிலும் பிளக்கும் தொடர்பும் அங்கேதான் தோற்கும். மழைக்கால விடியலில் மட்டும் அடித்தால் காயில் ரப்பரிலோ பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலோ கரிக்கோடு ஓடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிஎன்ஜி பொருத்திய வண்டி என்றால் இன்னும் எளிது: கேஸில் மட்டும் அடித்துப் பெட்ரோலில் அடிக்காவிட்டால், கேஸ் இன்ஜெக்டரை மட்டும் குறை சொல்லிவிடாமல் பிளக்கையும் காயிலையும் பாருங்கள், ஏனெனில் கேஸை எரிக்கப் பொறி இன்னும் பலமாக இருக்க வேண்டும்.

நம் ஊரில் இப்படி லோடு கொடுத்துச் சோதிக்க ஒரு சிறு தடை உண்டு. கடலூரிலிருந்து புதுச்சேரி வரை சாலை முழுவதும் சமதளம், மலைப்பாதை கிடையாது. அதனால் போக்குவரத்து குறைந்த காலை வேளையில், நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தி இழுக்கவிட்டோம். ஓட்டுபவர் ஒருவர், திரையைப் பார்ப்பவர் இன்னொருவர் என்று இருவர் போக வேண்டும்.

மூன்றாவது வழி இடம் மாற்றிப் பார்ப்பது. செலவு ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும்தான். மூன்றாவது சிலிண்டர் காயிலை ஒன்றாவது சிலிண்டரில் போட்டு, ஒன்றாவதை மூன்றாவதில் போட்டு ஓட்டினால், கோடு பி0301 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. பி0303 ஆகவே நின்றால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை அதேபோல் மாற்றிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்; காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றிவிட்டு, கோடு நகர்ந்துவிட்டது என்று மகிழ்ந்தால், எதனால் நகர்ந்தது என்பது தெரியாமல் போகும். இன்ஜெக்டரை இடம் மாற்ற அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் ரெயிலைக் கழற்ற வேண்டும் என்பதால் அதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. எதை மாற்றினாலும் கோடு நகரவில்லை, வயரிங்கும் சரி என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்) பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. உண்மையில் செகண்ட்ஹேண்ட் வண்டிக்கு அதை வாங்குவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டில் மட்டும் அழுத்தம் குறைந்து, கூலன்டும் இறங்கிக்கொண்டிருந்தால் சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

சர்வீஸ் சென்டரைத் தனி வழியாக நான் எண்ணவில்லை. அவர்களிடம் வயரிங் வரைபடமும் சிலிண்டர் வாரியாக மிஸ்ஸிங் எண்ணிக்கை காட்டும் கருவியும் உண்டு. ஆனால் வண்டி அவர்கள் இடத்தில் நிற்கும்போது கோளாறு வராது. டெக்னீஷியனை வண்டியில் ஏற்றிக்கொண்டு தவளக்குப்பம் வரை போய்வரச் சம்மதிக்கும் இடம் என்றால் கொடுக்கும் பணத்துக்குப் பயன் உண்டு.

எங்கள் வண்டியில் காயிலை இடம் மாற்றினோம், பிளக்கை இடம் மாற்றினோம், கோடு மூன்றிலேயே நின்றது. பிறகு என்ஜினை ஐட்லிங்கில் விட்டு, மூன்றாவது காயிலுக்குப் போகும் வயரைக் கனெக்டர் அருகே மெதுவாக அசைத்தபோது என்ஜின் உடனே தடுமாறியது. கழற்றிப் பார்த்தால் ஒரு பின்னில் பச்சைக் களிம்பு, அதைப் பிடிக்க வேண்டிய டெர்மினலின் வாய் விரிந்திருந்தது. கடற்காற்று ஒரு காரணமாக இருக்கலாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தெருக்களில் நின்ற வண்டிகள் பல மூழ்கின. இந்த வண்டியின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தபோது அடியில் மெல்லிய சேற்றுக் கோடு ஒன்று இருந்தது. வாங்கும்போது இதைப் பார்த்திருந்தால் விலையாவது குறைந்திருக்கும்.

எலக்ட்ரீஷியன் ஒருவர் புது டெர்மினல் அழுத்தி, கனெக்டரை மாற்றிக் கொடுக்க 350 ரூபாய் வாங்கினார். அதற்குப் பிறகு கழற்றிப்போட்ட பழைய காயிலையே மறுபடி மூன்றாவது சிலிண்டரில் மாட்டி, புதுக் காயிலை ஒரு துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறார் மைத்துனர். மூன்று மாதமாகத் தவளக்குப்பத்தில் உதறல் இல்லை.