மேடு பார்க்காத டிரைவரும் ஆல்ப்ஸ் இறக்கமும்: யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2

நீடாமங்கலம் பக்கம் நெல் லோடு அடிக்கிற பத்துச் சக்கர வண்டி என்னுடையது. கொள்முதல் நிலையத்தில் ஏற்றி, குடோனிலோ ரயில் வேகனிலோ இறக்கினால் வேலை முடிந்தது. எங்கள் பக்கம் மேடு என்றால் ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான், இரண்டாவது கியருக்குக்கூட வேலை வராது.

மலை இறக்கத்தில் லோடோடு போனது ஒரே தடவை. சில வருஷங்களுக்கு முன்னால் அரிசி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கொல்லம் போனேன். ஆரியங்காவு தாண்டித் தென்மலைப் பக்கம் இறங்கும்போது சமதரைப் பழக்கத்தில் பெரிய கியரிலேயே வண்டியை விட்டு, பிரேக்கை மிதித்தபடியே போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் லைனர் கருகுகிற நாற்றம், அப்புறம் மிதித்தாலும் வண்டி அடங்குகிற மாதிரியே இல்லை. எப்படியோ கியரைக் குறைத்து ஓரம் கட்டினேன், கிளீனர் பையன் கல்லோடு குதித்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். டிரம் ஆறுவதற்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

அதனால்தான் வைகாசியில் வண்டிக்கு ஓட்டம் இல்லாத நாளில் மகன் ஐரோப்பியச் சாலைகளில் லாரி ஓட்டுகிற இந்த விளையாட்டைக் கணினியில் போட்டுக் காட்டியபோது முதலில் சிரித்தேன், பிறகு எழுந்திருக்கவில்லை. செக் நாட்டு எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் 2012இல் வெளியிட்டது. பழைய சரக்குதான், ஆனால் இன்னும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். கணினி விளையாட்டு விற்கிற ஸ்டீம் இணையதளத்தில் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து வாங்குங்கள், முழு விலை கொடுக்கத் தேவையே இல்லை.

நான் திரும்பத் திரும்ப ஓட்டுவது ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக இத்தாலியின் வெரோனா. நிஜத்தில் அந்தக் கணவாய் சுமார் 1,370 மீட்டர் உயரம். இன்ஸ்புருக்கிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 800 மீட்டர் ஏற வேண்டும். வழியில் 1963இல் திறந்த ஐரோப்பா பாலம் இருக்கிறது, பள்ளத்தாக்கிலிருந்து 190 மீட்டர். நம் பெரிய கோவில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வைத்தால்தான் அந்த உயரம் வரும்.

ஏற்றம் எல்லாருக்கும் வரும், விஷயமே இறக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஊர் வண்டிகளில் ரிடார்டர் என்று ஒன்று உண்டு. கியர்பாக்ஸ் பக்கம் எண்ணெயின் எதிர்ப்பை வைத்தே வண்டியை இழுத்துப் பிடிக்கும், அந்தச் சூடு ரேடியேட்டருக்குப் போய்விடும், லைனர் தேயாது. விளையாட்டிலும் அதைப் படிப்படியாகக் கூட்டலாம். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, ரிடார்டரைப் போட்டு, பிரேக்கை அவசரத்துக்கு மட்டும் மிச்சம் வைக்கிற பழக்கம் எனக்கு ஒரே வாரத்தில் காலில் ஏறிவிட்டது. இருபது வருஷ டிரைவர் இதை மகனிடம் கற்றுக்கொண்டேன் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். ஒன்று, 20 டன்னாவது உள்ள லோடு எடுங்கள், செட்டிங்கில் பிரேக்கின் பிடிப்பைக் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் பொம்மைக் கார் ஓட்டுகிற மாதிரிதான்.

குறை இல்லாமல் இல்லை. சோதனைக்காக ஒருநாள் பிரேக்கை மிதித்துக்கொண்டே முழு இறக்கமும் இறங்கினேன், வண்டி சமர்த்தாக நின்றது. நாற்றமும் இல்லை, பயமும் இல்லை. வரைபடத்தை 19இல் ஒரு பங்காகச் சுருக்கியிருப்பதால் மலை வந்த வேகத்தில் போயும் விடுகிறது. அங்கே நிஜ டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும், வண்டியில் இருக்கிற டாகோகிராஃப் எல்லாவற்றையும் பதிவு செய்யும். விளையாட்டில் தூக்கம் வரும், கொட்டாவி வரும், இந்தக் கணக்கு வராது. (நம் ஊரில் யாராவது இப்படிக் கருவி வைத்துக் கறாராகக் கணக்குப் பார்த்தால் அறுவடை சமயத்தில் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன், எங்கள் முதலாளிமாருக்கு மயக்கம் வரும்.)

எல்லை விஷயமும் அப்படித்தான். ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையே 1998லிருந்தே வழக்கமான சோதனை கிடையாது, ஒரு பலகை வரும், நாடு மாறிவிடும். செக்போஸ்டில் காகிதத்தோடு நின்றே பழகியவனுக்கு அது இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நிஜத்தில் நெருக்கடியான நாட்களில் ஜெர்மனியிலிருந்து வரும் லாரிகளை ஆஸ்திரியாவின் டிரோல் மாநில எல்லையில் நிறுத்தி, மணிக்கு சுமார் 300 என்று அளந்து விடுகிறார்கள். கடைமடைக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது மாதிரி. அந்த வரிசையில் நிற்கிற அலுப்பு விளையாட்டில் சுத்தமாக இல்லை, குடோன் வாசலில் இரண்டு நாள் காத்துக் கிடந்தவனுக்கு அது பெரிய ஓட்டையாகத் தெரிகிறது.

மலை எல்லைக்காகக் கூடுதல் வரைபடம் எதுவும் வாங்க வேண்டாம். ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, வட இத்தாலி எல்லாம் அடிப்படை விளையாட்டிலேயே உண்டு. ஸ்பெயின் பக்கம் போக ஆசை என்றால் மட்டும் 2021இல் வந்த ஐபீரியா என்கிற கூடுதல் வரைபடத்தைப் பாருங்கள். கீபோர்டில் ஓட்டுவது வீண், ஒரு ஸ்டியரிங் செட் வேண்டும். நான் பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கினேன், கிளட்ச் பெடல் மூன்றாம் நாளே ஒட்டிக்கொண்டது, கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். பெடலை மிதித்துப் பார்த்து வாங்குங்கள். கியர் ஷிஃப்டரை மேசையின் வலது பக்கம் மாட்டுங்கள், அந்த ஊர் வண்டியில் டிரைவர் இடது பக்கம். நான் இடது கையால் காற்றைத் துழாவியபடி இரண்டு தடவை மதில்சுவரில் மோதியிருக்கிறேன்.