பேரனின் நான்காவது பிறந்தநாளுக்குச் சமைத்துத் தந்தவர்கள்

திருச்சி புத்தூரில் தன் வீட்டுப் பின்கட்டில் அடுப்பு வைத்து, சின்னப் பிள்ளைகளின் விசேஷங்களுக்கு மட்டும் சமைத்துத் தரும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். பெயரும் போன் நம்பரும் போடவில்லை. "மாசத்துக்கு ஆறு ஆர்டருக்கு மேல என்னால முடியாதும்மா, எழுதினா பேரு போடாதீங்க" என்று அவரே கேட்டுக்கொண்டார். உறையூர், புத்தூர், தில்லைநகர்ப் பக்கம் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் விசாரித்தால் யாராவது வழி சொல்லிவிடுவார்கள்.

நான் 29 வருடம் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சத்துணவுத் திட்டம் தொடங்கியதே எங்கள் மாவட்டத்தில்தான். 1982 ஜூலை 1ஆம் தேதி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கி வைத்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்று தினமும் அளந்து போட்ட கை இது. அதனால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறவர் யாராக இருந்தாலும் கொஞ்சம் உற்றுத்தான் பார்ப்பேன்.

போன வருடம் நடந்ததைச் சொன்னால்தான் இந்த வருடம் ஏன் இவ்வளவு நிம்மதி என்பது புரியும். பேரனின் மூன்றாவது பிறந்தநாளை ஒரு பார்ட்டி ஹாலில் வைத்தோம். பலூன், மேடை, கேக், சாப்பாடு எல்லாம் சேர்த்து 32,000 ரூபாய் பேக்கேஜ். மாலை ஐந்தரைக்கு அழைத்திருந்தோம். வர வேண்டியவர்கள் வந்து சேர்ந்து, போட்டோக்காரர் லைட்டைச் சரிசெய்து, கேக் வெட்டும்போது மணி ஏழு இருபது. அதுவரை இருபது பிள்ளைகளுக்கு ஒரு பண்டம் கிடையாது. எல்லோரும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள். மதியம் தூங்கி எழுந்து ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு வந்தவர்கள். ஆறரைக்கே அழுகை ஆரம்பித்துவிட்டது. பெரியவர்கள் இடுப்பு உயரத்துக்கு வரிசையாக மேஜை போட்டு பஃபே. பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. அம்மாக்கள் ஒரு கையில் பிள்ளையையும் ஒரு கையில் தட்டையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் மேஜையில் இருந்தது சில்லி கோபி.

அப்புறம் நடந்ததுதான் பெரிது. எதிர்வீட்டுப் பையனுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. அவன் அம்மா சட்னியைக் காட்டி, "இதுல கடலை இருக்கா?" என்று கேட்டுத்தான் வாங்கினாள். பரிமாறிய தம்பி "தேங்காச் சட்னிதாங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. பொட்டுக்கடலைக்குப் பதில் நிலக்கடலை சேர்த்து அரைத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் பையனுக்கு உதடு தடித்துவிட்டது, கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஊசி போட்டு, இரவு பதினொரு மணிவரை வைத்திருந்து அனுப்பினார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் வீட்டு விசேஷத்துக்கு வந்த பிள்ளை. அழைக்கும்போதே "உங்க பையனுக்கு எது ஆகாது?" என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

இந்த வருடம் மருமகள் இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டாள். ஒருவர் கலர் பஞ்சுமிட்டாய் மிஷினும் ஸ்மோக் பிஸ்கட்டும் இலவசம் என்றார். ரோடமின்-பி என்கிற சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு கலர் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது. அதே வருடம் ஏப்ரலில், ஸ்மோக் பிஸ்கட்டில் ஊற்றும் திரவ நைட்ரஜன் முழுதாக ஆவியாகாமல் தின்பண்டத்தைக் கொடுக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. வாயிலிருந்து புகை வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கும், சரி. வாயும் வயிறும் வெந்துபோனால்? மருமகளிடம் வேண்டாம் என்றேன். அவளுக்கும் அதே எண்ணம்தான். அவளோடு வேலை பார்க்கும் ஒரு பெண் சொல்லித்தான் புத்தூர் வீட்டுக்குப் போனோம்.

போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி "எத்தனை பேருக்கு?" என்பது இல்லை. "குழந்தைங்க மத்தியானம் எத்தனை மணிக்குத் தூங்கி எந்திரிக்கும்?" என்று கேட்டார். ஒரு நோட்டை எடுத்து, வரப்போகும் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், வயது, எது ஆகாது, வீட்டில் எதைச் சாப்பிடுவதில்லை என்று நான்கு கட்டம் போட்டார். எங்களுக்குப் பாதிப் பிள்ளைகளின் விவரம் தெரியவில்லை. "போன் பண்ணிக் கேட்டுட்டு வாங்கம்மா, நான் அப்புறம் மெனு சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார். மருமகள் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லா வீட்டுக்கும் பேசினாள். எதிர்வீட்டுப் பையனுக்குக் கடலை. இன்னொரு பிள்ளைக்குப் பால் செரிக்காது. இரண்டு வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. ஒரு வீட்டில் அக்காவோடு ஒன்றரை வயதுத் தங்கையும் வருகிறாள். கேட்டதற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை. "கேட்டதே சந்தோஷம்" என்றுதான் எல்லா அம்மாக்களும் சொல்லியிருக்கிறார்கள்.

நோட்டை முழுதாக நிரப்பிக் கொடுத்ததும் அவர் செய்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. கடலை ஆகாத பையனுக்குத் தனித் தட்டு வைப்பதற்குப் பதில், அன்றைக்குத் தன் அடுப்படிக்குள்ளேயே கடலை வராமல் பார்த்துக்கொண்டார். செக்குக் கடலெண்ணெய் கூட வேண்டாம் என்று சூரியகாந்தி எண்ணெய் வாங்கினார். கேக் முழுவதும் முட்டை இல்லாததாக, தெரிந்த வீட்டிலிருந்து செய்து வாங்கித் தந்தார். "நாலு வயசுப் புள்ளைய மட்டும் தனியா கூப்பிட்டு, நீ இதைச் சாப்பிடாதே, இது உனக்குன்னு சொன்னா அது முகம் வாடிப்போயிடும்மா" என்றார். பால் ஆகாத பிள்ளைக்கு மட்டும் தயிர்சாதத்துக்குப் பதில் எலுமிச்சைச் சாதம். அதையும் எல்லோருக்கும் ஒரு கரண்டி போட்டதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அவர் இன்னொரு கேள்வியும் கேட்டார். "வீட்டுல உதவிக்கு வர்றவங்களுக்குப் புள்ளைங்க இருக்காம்மா? அதையும் சேத்து எண்ணிட்டீங்களா?" எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வரும் பெண்ணின் மகள் ஐந்து வயது. அவளை அழைத்திருந்தோம், ஆனால் நோட்டில் எழுதியிருக்கவில்லை. இருபத்து மூன்றாவதாக எழுதினோம். எந்தத் தெருப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதை 29 வருடம் பார்த்தவளுக்கு, இந்த ஒரு கேள்விக்கே அவரைக் கும்பிடத் தோன்றியது.

விசேஷம் எங்கள் வீட்டு மாடியில், மாலை நான்கு மணிக்கு. நாலேகாலுக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. கேக், போட்டோ, பெரியவர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். பந்திப் பாயை விரித்து, வாளியில் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கை கழுவிவிட்டு உட்கார வைத்தார் அவருடைய நாத்தனார். காந்தி மார்க்கெட்டில் வாங்கிய சின்னத் தலைவாழை இலை, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் நம் மாநிலத்தில் தடை. போன வருட ஹாலில் எல்லாம் அதில்தான் கொடுத்தார்கள். இங்கே ஒரு பிளாஸ்டிக் சாமான் கண்ணில் படவில்லை.

இலையில் வந்தவை: நெய் விட்ட குட்டி இட்லி நான்கு, காரம் குறைத்த சாம்பார், கேரட் துருவிப் போட்ட கைப்பிடி அளவு ஊத்தப்பம், ஒரு கரண்டி எலுமிச்சைச் சாதம், ஒரு கரண்டி தயிர்சாதம், பூவன் பழம் பாதி, கேசரி. கேசரியில் முந்திரி முழுதாக இல்லை, பொடித்துக் கலந்திருந்தார். திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறி வைத்திருந்தார். 23 பிள்ளைகளுக்கான திராட்சையை ஒவ்வொன்றாக உட்கார்ந்து கீறியிருக்கிறார். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு அரைத்து மெல்லும் பழக்கம் சரியாக வந்திருக்காது. முழுத் திராட்சை, கடலை, கடின மிட்டாய் எல்லாம் வழுக்கி மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். என் பள்ளியில் ஒரு தடவை ஒரு பையனுக்குப் புளிப்பு மிட்டாய் அடைத்து, குப்புறப் பிடித்து முதுகில் தட்டி எடுத்தோம். அவன் முகம் நீலமானது இன்னும் கண்ணில் நிற்கிறது. ரிட்டர்ன் கிஃப்ட் பையில் மருமகள் போட்டிருந்த கப் ஜெல்லியையும் உருண்டை மிட்டாயையும் இவர் பார்த்துவிட்டு, "இதை எடுத்துடலாமா?" என்று கேட்டார். எடுத்துவிட்டோம். கலர் பென்சிலும் சின்ன நோட்டும் மட்டும் பிள்ளைகள் கையில். கேசரிப் பொட்டலத்தை அம்மாக்கள் கையில் கொடுத்தோம். எப்போது கொடுப்பது என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். எல்.கே.ஜி.யில் பேரனோடு படிக்கும் ஒரு பெண் குழந்தை, இலைக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா பின்னாலிருந்து "சாப்பிடு, சாப்பிடு, எல்லாரும் சாப்பிடறாங்க பாரு" என்று சொல்லச் சொல்ல அவள் தலை இன்னும் குனிந்தது. சமைத்தவர் வந்து அம்மாவை "நீங்க மாடிக் காத்து வாங்குங்கக்கா" என்று அந்தப் பக்கம் அனுப்பினார். குழந்தைக்குப் பக்கத்தில் குந்தி, பழத்தோலைப் பாதிவரை உரித்து இலை ஓரத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த இலைக்குப் போய்விட்டார். நான் தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு விரல் பழத்தைத் தொட்டது. பிறகு பழம் காணோம். அப்புறம் ஒரு இட்லி, இன்னொரு இட்லி. புதிதாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடாது. அதைக் கண்டுகொள்ள எனக்கு நாலைந்து வருடம் ஆனது. இவர் எங்கே கற்றாரோ!

கேக் வெட்டும்போது இன்னொன்று. நம் பக்கத்தில் கேக் வெட்டியதும் ஆளாளுக்கு ஒரு துண்டைப் பிள்ளை வாயில் திணிப்பார்கள். போன வருடம் பேரன் பன்னிரண்டாவது ஆளிடம் வாந்தி எடுத்துவிட்டான். இவர் ஒரு சின்னக் கிண்ணத்தில் நகக்கண் அளவு துண்டுகளாக முன்னாலேயே வெட்டி வைத்துவிட்டார். ஊட்ட ஆசைப்பட்ட அத்தை, மாமா, சித்தி எல்லோரும் ஊட்டினார்கள். யார் மனமும் நோகவில்லை, பேரனும் சிரித்துக்கொண்டே இருந்தான். முகத்தில் கிரீம் பூசுகிற வேலைக்கு நானே விடவில்லை.

குறைகளும் உண்டு. பெரியவர்களுக்கு வெஜிடபிள் பிரியாணி, பச்சடி, மசால்வடை, காபி சொல்லியிருந்தோம். பிரியாணியில் காரமே இல்லை. பிள்ளைகளுக்குச் சமைத்த கை அப்படியே அதிலும் வந்துவிட்டது. என் சம்பந்தி மிளகாய் ஊறுகாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காபி 35 பேருக்குச் சொல்லி 28 பேருக்குத்தான் வந்தது. கடைசியில் வந்தவர்களுக்கு நாங்கள் வீட்டில் போட்டுக் கொடுத்தோம். வண்டி வாடகை 450 ரூபாய் என்பதை முன்கூட்டியே சொல்லவில்லை, கணக்குப் பார்க்கும்போதுதான் சொன்னார். அசைவம் செய்ய மாட்டார். முப்பது இலைக்குக் குறைவாக ஆர்டர் எடுப்பதில்லை, அதனால் பத்துப் பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டு எளிதாக வைக்க நினைப்பவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார்.

விலை, குழந்தை இலைக்கு 130 ரூபாய், பெரியவர் இலைக்கு 200. 23 பிள்ளைகள், 35 பெரியவர்கள், வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 10,440 ஆனது. கேக் ஒன்றரைக் கிலோ தனியாக 1,200. இரண்டாயிரம் முன்பணம். பில்லில் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் அச்சடித்திருக்கிறது. வீட்டில் சமைப்பவர்களிடம் வாங்கும்போது அந்த எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. குறைந்தது பத்து நாளுக்கு முன்னால் போக வேண்டும். பிள்ளைகளின் விவரம் இல்லாமல் போனால் அவர் மெனுவே பேச மாட்டார் என்பதால், எல்லா வீட்டுக்கும் பேசிவிட்டே போங்கள்.

எதிர்வீட்டுப் பையன் ஐந்தாவது இட்லியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவன் அம்மா இந்த முறை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பாயில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் இலையில் இருந்த கேசரியை நிதானமாகச் சாப்பிட்டாள்.

மிச்சமான தயிர்சாதத்தை அவர் இரண்டு எவர்சில்வர் தூக்கில் போட்டு, பாத்திரம் துலக்கும் பெண் வீட்டுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாளைக் காலை தூக்குகளைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். காபி குறைந்ததையும் அப்போது சொல்ல வேண்டும்.