கழுத்து மட்டுமா, முழு உறையுமா?

அமெரிக்காவில் ரைபிள் தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்புபவர்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு: சுட்டதில் விரிந்த பித்தளை உறையின் கழுத்தை (குண்டைப் பிடிக்கும் வாய்ப்பகுதி) மட்டும் டை எனும் அச்சில் சுருக்குவதா, முழு உறையையுமா?

வேலை: கழுத்துக்குக் குறைவு. முழு உறைக்கு மசகு தடவியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் டைக்குள் சிக்கிக்கொள்ளும், அப்புறம் துளை போட்டுத்தான் பிடுங்கணும்.

பொருத்தம்: கழுத்து மட்டும் சுருக்கிய உறை, சுட்ட அதே துப்பாக்கிக்குத்தான் சரி, சில முறைக்குப் பின் போல்ட் (உறையைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் தண்டு) இறுகும். முழுதும் சுருக்கியதில் அந்தத் தொல்லை இல்லை.

ஆயுள்: முழு உறையைச் சுருக்கும்போது தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) அதிகம் பின்தள்ளினால் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரியும். உறை அங்கே இரண்டாகப் பிரியப்போகிறது, தூக்கிப் போடுங்கள். போல்ட்டைக் கையால் இயக்கும் துப்பாக்கிக்கு 0.002 அங்குலம் தள்ளினாலே போதும். கழுத்து விரிசலோ இரண்டிலும் வரும்.

வேட்டைக்கும் அரைத் தானியங்கிக்கும் முழு உறைதான். கழுத்து முறை, ஒரே போல்ட் துப்பாக்கியில் இலக்குப் பலகை சுடுபவருக்கு.